எட்டடி உள்வாங்கிய இடம்

விழாத் தலைமையை விரும்பி ஏற்று, வியர்வையைத் துடைத்தபடியே வீற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி, இந்தத் தெருவில் பாதிப் பேருக்குப் பார்வையைத் திருப்பித் தந்தவரே! முன்வரிசையில் முதுகு சாயாமல் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! கடைக்கு வந்த கையோடு, கைப்பையும் காய்கறியுமாகக் கால்கடுக்க நிற்கும் தாய்மார்களே! பின்னால் சுவரோடு சுவராகச் சாய்ந்துகொண்டு, இந்த அம்மா எப்போது முடிப்பாள் என்று கைப்பேசியில் மணி பார்க்கும் இளைஞர்களே! ஒலிபெருக்கியை என் உயரத்துக்கு இறக்கி வைத்துத் தந்த மின்பணியாளரே! ஒருவரையும் விடாமல் உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

பின்னால் கேட்கிறதா? கேட்கிறதாம். நல்லது.

"இந்தத் தெருவின் பெருமையைப் பேசுங்கள், இருபது நிமிடம் போதும்" என்று சங்கத்துச் செயலாளர் என்னிடம் சொன்னார். என்னை ஏன் அழைத்தார்கள்? நான் பேச்சாளர் இல்லை. நகராட்சி அளவைப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைபடம் வரைந்தவள். இந்தத் தெருவை அகலப்படுத்தியபோது அந்த அலுவலகத்தில் இருந்தவர்களில் இன்று மிச்சம் இருப்பவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே பெருமையைப் பேச நான். அதனால் பேச்சில் அலங்காரம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்டுப் பழகிய கை இது. கோட்டுக்குக் கோபம் கிடையாது, கோட்டுக்குக் கண்ணீர் கிடையாது, கோட்டுக்கு நீளம் மட்டும்தான் உண்டு.

முதலில் தெருவைப் பார்ப்போம். தினமும் நடக்கிறோம், தினமும் பார்க்கிறோமா?

ரயில் நிலையத்து வாசலில் தொடங்கி நீதிமன்றத்து மதிலில் முட்டி நிற்கும் இந்தத் தெருவின் நீளம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது அடி. சாதாரண நடையில் எட்டு நிமிடம். வழியில் தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டால் ஒரு மணி நேரம். மேற்குப் பக்கம் இரட்டைப்படை எண்கள், கிழக்குப் பக்கம் ஒற்றைப்படை எண்கள். கிழக்கே ஐந்து சந்துகள், மேற்கே நான்கு. மேற்கே ஏன் ஒன்று குறைவு? அந்தப் பக்கம் தபால் நிலையமும் கருவூலமும் அடுத்தடுத்து அமர்ந்து ஒரு சந்தை விழுங்கிவிட்டன. அரசாங்கக் கட்டடம் அமர்ந்தால் எழுந்திருக்குமா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பிறகு சிரிக்க இடம் இருக்காது.

இந்தத் தெரு முதலில் தெருவாகப் பிறக்கவில்லை. ஆற்றுத் துறையிலிருந்து சந்தைக்கு மரம் ஏற்றிப் போன வண்டிகள், ஒன்றன் தடத்தில் ஒன்று சென்று சென்று உண்டாக்கிய பாதை இது. வண்டி போனது, வழி வந்தது. வழி வந்தது, வணிகம் வந்தது. வணிகம் வந்தது, வம்பு வந்தது. வம்பு வந்ததும் எல்லை தேவைப்பட்டது. அப்போதைய அளவைக்காரர்கள் தெருவின் நடுக்கோட்டில், இருநூறு அடிக்கு ஒன்றாகப் பத்துக் கற்களைப் புதைத்தார்கள். தார் போட்டபோது அந்தக் கற்கள் தாருக்கு அடியில் போயின. தலைக்கு மேலே பஸ் ஓடினாலும், தெருவின் முதுகெலும்பு அந்தப் பத்துக் கல்தான். எந்தக் கடை எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது, எந்தச் சுவர் யார் நிலத்தில் நிற்கிறது, எல்லாவற்றுக்கும் அந்தக் கல்லே சாட்சி.

முன்னால் வராத கடை உண்டா? முதல் ஆண்டு ஒரு பலகை, மறு ஆண்டு பலகைக்கு மேல் ஒரு கூரை, மூன்றாம் ஆண்டு கூரைக்குக் கீழே ஒரு சுவர். அப்படித்தான் கிழக்கு வரிசை, வயதானவர் பல்வரிசை போல ஏறியும் இறங்கியும் நின்றது. கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, உங்கள் கடையைச் சொல்லவில்லை, உங்கள் அப்பா காலத்தைச் சொல்கிறேன்.

இப்போது எண்களுக்கு வாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து கிழக்குப் பக்கமாகவே எண்ணிக்கொண்டு வந்தால், முப்பத்தேழு துணிக்கடை, முப்பத்தொன்பது மருந்துக்கடை, நாற்பத்தொன்று பாத்திரக்கடை. பிறகு ஒரு சந்து. பிறகு இந்த மேடை போட்டிருக்கும் இடம், முப்பதடி நீளத்துக்குத் தெரு எட்டடி உள்வாங்கி நிற்கும் இடம். இரண்டு சிமெண்ட் பெஞ்சு, ஒரு குடிநீர்க் குழாய், ஒரு மரம். பிறகு இன்னொரு சந்து. அதைத் தாண்டினால் நாற்பத்தேழு.

நாற்பத்து மூன்று எங்கே? நாற்பத்தைந்து எங்கே?

அந்த இரண்டு எண்கள் இருந்த இடத்தில்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் நாற்பத்து மூன்று ஒரு கடிகாரக் கடை. நாற்பத்தைந்து ஒரு தட்டச்சுப் பள்ளி. இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். இதைவிடப் பொருத்தமற்ற அண்டை வீடு உலகத்தில் உண்டா? கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, எள்ளின் கால்வாசி இருக்கும் திருகாணியை இடுக்கியால் தூக்குவார். அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் பதினாறு மெஷின்கள் ஒன்றாகப் படபடக்கும். மேசை அதிரும், திருகாணி பறக்கும். அவர் தரையில் தவழ்ந்து காந்தத்தால் தேடுவார். தேடி எடுத்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, நேராக அடுத்த கடைக்குப் போவார்.

அந்தத் தட்டச்சுப் பள்ளியை நடத்தியவரைத் தெருவே டைப்பக்கா என்றுதான் கூப்பிடும். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, பதினாறு மெஷின் இருந்தன. கடிகாரக்காரர் வாசலில் வந்து நின்றால், அக்கா தலையைத் தூக்காமலே, என்ன, இன்னைக்கு எத்தனை ஸ்குரூ போச்சு என்று கேட்பாராம். அவர் எண்ணிக்கையைச் சொல்வாராம். அக்கா வருத்தம் தெரிவிப்பாராம். மறுநாளும் மெஷின் ஓடும். இருபது ஆண்டு இப்படி. ஒருமுறை அவர் சுவருக்குச் சணல் சாக்கு அடித்துப் பார்த்தார். இன்னொரு முறை அக்கா மெஷின்களுக்கு அடியில் ரப்பர் வைத்துப் பார்த்தார். சாக்கில் பூச்சி வந்தது, ரப்பரில் மெஷின் நகர்ந்தது. சண்டை மட்டும் அதே இடத்தில் உறுதியாக இருந்தது.

அப்போதுதான் தெருவை அகலப்படுத்தும் உத்தரவு வந்தது. மேற்கே அரசாங்கக் கட்டடங்கள், அவற்றைத் தொட முடியாது. கிழக்கு வரிசையில் எல்லாரும் ஆறடி விட வேண்டும். அதற்கு மேல் ஆக்கிரமிப்பு இருந்தால் அதையும் சேர்த்து விட வேண்டும்.

அளக்க வந்தவர் எங்கள் அலுவலகத்து மூத்த அளவையர். சங்கிலிக்காரர் என்பது அவருக்குப் பட்டப்பெயர். எஃகுச் சங்கிலி பிடித்து அளந்த காலத்து மனிதர். நேர்மையானவர். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கதையின் நடுவில் நீங்கள் அவர்மேல் கோபப்படப் பார்ப்பீர்கள். ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காத மனிதர். என்னை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். எனக்கு இருபத்து நான்கு வயது, தற்காலிக வேலை. நிரந்தரம் செய்யலாம் என்று என் கோப்பில் பரிந்துரை எழுதியவரும் அவரே.

அவர் தாரைத் தோண்டி ஒவ்வொரு கல்லாகக் கண்டுபிடித்து, கல்லிலிருந்து கிழக்கே அளந்துகொண்டே வந்தார். இந்த இடத்துக்கு எதிரே இருந்தது ஐந்தாவது கல். அதிலிருந்து அளந்தபோது, இந்த இரண்டு கடைகளும் எட்டடி தெருவுக்குள் வந்திருப்பதாகக் கணக்கு வந்தது. ஆறும் எட்டும் பதினான்கு. கடைகளின் ஆழமே பதினாறு அடி. மிச்சம் இரண்டடி. இரண்டடியில் என்ன வைக்கலாம்? ஒரு கடிகாரத்தை மாட்டலாம், பார்க்க ஆள் நிற்க முடியாது.

கிழக்கு வரிசையே கோணலாக நின்றதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு கடை மூன்றடி வந்திருந்தது, ஒன்று நாலடி. இவர்கள் எட்டடி. பேராசை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்று தெரு பேசியது. நோட்டீசில் அச்சடித்த எழுத்திலேயே வந்தது: ஆக்கிரமிப்பாளர்.

இனி என் பங்கு.

சங்கிலிக்காரர் எடுத்த அளவுகளை வைத்துப் புதிய படம் வரைவது என் வேலை. டிரேசிங் துணி என்று ஒன்று உண்டு. கீழே இருப்பது தெரியும்படி மெல்லியது, வழவழப்பானது. பழைய படத்தின் மேல் புதிய துணியை விரித்து மையால் கோடு இழுப்போம். கற்களைப் புதைத்த காலத்துப் பழைய படத்தை அலமாரியிலிருந்து எடுத்து, அதன் மேல் என் துணியை விரித்தேன். பத்துக் கல்லில் ஒன்பது கல், புள்ளி மேல் புள்ளியாகச் சரியாக அமர்ந்தது. ஐந்தாவது கல் அமரவில்லை. எட்டடி கிழக்கே தள்ளிக் கிடந்தது.

கல் நடக்குமா? கல்லுக்குக் கால் உண்டா? குடிநீர்க் குழாய் புதைத்தபோது வழியில் இருந்த கல்லைப் பிடுங்கி, பள்ளத்தின் ஓரத்தில் மறுபடி நட்டு மூடியிருக்கிறார்கள். குழாய் புதைத்தவருக்கு அது ஒரு கல், அவ்வளவுதான். அளக்க வந்தவருக்கோ அதுதான் எல்லை.

ஆகவே அந்தக் கடைகள் ஓரடி கூட ஆக்கிரமிக்கவில்லை. ஆறடி விட்டால் போதும். பத்தடி மிஞ்சும், கடை பிழைக்கும். இது அந்தத் தெருவில், அந்த ஊரில், அன்றைக்கு ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஏன் உடனே சொல்லவில்லை? கேட்க வேண்டிய கேள்விதான். அளவுப் புத்தகத்தில் சங்கிலிக்காரர் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். என் நிரந்தர உத்தரவு இரண்டு மாதத்தில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு நல்லது செய்த மனிதரைத் தலைகுனிய வைப்பதா என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயம் என் வேலைக்கும் வசதியாக இருந்தது. பழைய படத்தைச் சுருட்டி, மேல்தட்டில், மற்றச் சுருள்களுக்குப் பின்னால் வைத்தேன்.

நோட்டீஸ் வந்த அன்று, இருபது ஆண்டுச் சண்டை ஒரே நாளில் நின்றது. கடிகாரக்காரர் அளந்தார், டைப்பக்கா அடித்தார். அவர் தன் மேசையில் இருந்த எஃகு அளவுகோலால், முடி அகலத்தையும் விடாமல், எதிர்ச் சுவரிலிருந்து தன் வாசல் வரை, இரண்டு பக்கத்துச் சந்திலிருந்தும், ஒன்பது முறை அளந்தார். ஒவ்வொரு முறையும் அதே விடை: நகராட்சிக் கணக்கில் எட்டடி தவறு. அக்கா அதை மனுவாக அடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, மொத்தம் பதினொரு மனு. எழுத்துப்பிழை இல்லாத மனுக்கள். எங்கள் அலுவலகத்தில் அவற்றைப் படித்துப் பாராட்டினார்கள். எவ்வளவு அழகாக அடித்திருக்கிறார்கள் என்று.

கடைசியில் ஒரு விசாரணை வைத்தார்கள். நீளமான அறை, நீளமான மேசை. ஒரு பக்கம் ஆணையரும் அதிகாரிகளும். மறுபக்கம் கடிகாரக்காரரும் டைப்பக்காவும். ஓரத்தில் படச்சுருளோடு நான். கடிகாரக்காரர் கடையிலிருந்து நேராக வந்திருந்தார், பூதக்கண்ணாடி நெற்றியிலேயே ஏறியிருந்தது, கழற்ற மறந்துவிட்டார். தன் அளவுகளைப் படித்தார். மேசையில் ஒருவர் சிரித்தார். வாட்ச் ரிப்பேர் பண்றவர் தெருவை அளக்கறாரே என்றார்.

சங்கிலிக்காரர் சிரிக்கவில்லை. அவர் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பழைய படத்தோட ஒப்பிட்டுப் பார்த்தியாம்மா?"

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் நம்பிக் கேட்டார். இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மறுநாள் காலை தாரைத் தோண்டி மறுபடி அளந்திருப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

"பார்த்தேன் சார். சரியாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். நான்கு வார்த்தை. விசாரணை முடிந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது பாருங்கள். நிற்கட்டும்.

இரண்டு வாரத்தில் என் நிரந்தர உத்தரவு வந்தது. மூன்றாவது வாரம், ஒரு காலைப் பத்து மணிக்கு, இடிக்க ஆட்கள் வந்தார்கள். அலுவலகத்திலிருந்து பார்வையிடப் போனவர்களோடு நானும் நின்றேன். சொல்லாதவளுக்குப் பார்க்காமல் இருக்கும் உரிமை கிடையாது என்று நினைத்துப் போனேனா, அல்லது போகச் சொன்னார்கள் என்று போனேனா, இன்றைக்கு எனக்கே நிச்சயமில்லை.

டைப்பக்காவின் மாணவிகள் மெஷின்களைத் தூக்கித் தள்ளுவண்டியில் அடுக்கினார்கள். கடிகாரக்காரர் கடையில் முப்பத்தொரு சுவர்க் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஊசல் கடிகாரத்தை ஓடும்போது தூக்கக் கூடாது. அவர் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, கண்ணாடிக் கதவைத் திறந்து, ஊசலை விரலால் பிடித்து நிறுத்தி, கதவை மூடி, கழற்றி இறக்கினார். முப்பத்தொரு முறை. இடிக்க வந்தவர்கள் கடப்பாரையைக் கீழே ஊன்றிக்கொண்டு காத்து நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

நடுச்சுவர்தான் கடைசியாக விழுந்தது. அந்தப் பக்கம் சாக்கு அடித்திருந்த ஆணிகள் அப்படியே இருந்தன.

இரண்டு மாதத்தில் கிழக்கு வரிசை முழுவதும் பின்வாங்கி, புதிய சுவர்கள் எழுந்தன. ஒரு நாள் சங்கிலிக்காரர் ரயில் நிலையத்து வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். வரிசை, அடிமட்டம் வைத்து இழுத்தது போல நேராக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒரு பல் விழுந்தது போல உள்வாங்கி இருந்தது. பெரிய வித்தையெல்லாம் வேண்டாம், கண் இருந்தால் போதும். எல்லாரும் நேராக நின்றபோது, யாரை அநியாயமாகப் பின்னால் தள்ளினோம் என்பது தெரிந்துவிட்டது.

அலுவலகத்துக்கு வந்தார். என் மேசைக்கு வந்து பழைய படத்தைக் கேட்டார். மேல்தட்டில் கைவிட்டு, சுருள்களுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தேடவில்லை. நேராகக் கை போனது. அதை அவர் பார்த்தார். படத்தை விரித்து ஐந்தாவது கல்லின் மேல் விரலை வைத்தார்.

"இது எப்பவும் இங்கயேதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

அவர் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். தவறு முழுவதும் தன்னுடையது என்று கைப்பட ஓர் அறிக்கை எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தார். அதில் என் பெயர் இல்லை. இடித்தது இடித்ததுதான், நிலம் தெருவோடு சேர்ந்தாயிற்று என்று மேலிடம் கோப்பை மூடியது. அந்த மாதமே அவரை வேறு ஊருக்கு மாற்றியது. போகும்வரை இருந்த மூன்று வாரமும் என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஒன்றே ஒன்று மாறியது. அதுவரை "அம்மா" என்று கூப்பிட்டவர், அன்றிலிருந்து என்னை "மேடம்" என்று கூப்பிட்டார்.

திட்டினால் தாங்கலாம். இந்த "மேடம்" இருக்கிறதே... சரி, கதைக்கு வருவோம்.

கடிகாரக்காரரும் டைப்பக்காவும் என்ன ஆனார்கள்? பின்தெருவில் அக்காவுக்கு ஒரு கூடம் வாடகைக்குக் கிடைத்தது. கடிகாரக்காரருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆக்கிரமிப்பாளர் என்று பேரெடுத்தவருக்கு யார் கடை கொடுப்பார்கள்? கடைசியில் அக்காவே தன் கூடத்தின் முன்ஜன்னலோரம் ஒரு மேசை போட்டுக்கொள்ளச் சொன்னார். நிபந்தனை பேசிக்கொண்டார்கள். ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை மெஷின் ஓடாது, அந்த நேரத்தில் அவர் திருகாணி வேலைகளை முடித்துக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டில் இரண்டு கடையாக இருந்து தீர்க்க முடியாத வழக்கு, ஒரே அறையில் ஒரு நாளில் தீர்ந்தது. பதினோரு ஆண்டு அப்படி இருந்தார்கள்.

ஒருமுறை நான் அங்கே போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கையில் ஒரு சாக்காக நின்றுபோன கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபப்படவில்லை. கடிகாரத்தைத் திறந்து, தூசி தட்டி, ஓடவைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"கடை போனது போகட்டும்மா. நான் அளந்தது சரிதானா? எட்டடி. அதை மட்டும் சொல்லுங்க."

இடத்தைக் கேட்கவில்லை, இழப்பீட்டைக் கேட்கவில்லை, இழந்த நாட்களைக் கேட்கவில்லை. ஒரு தொழிலாளி, தன் அளவு சரியா என்று கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

முதல் பொய்யை அறை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பயத்தில் சொன்னேன். இரண்டாவது பொய்யைப் பயமுறுத்த யாரும் இல்லாத இடத்தில் சொன்னேன். எது பெரியது என்று நீங்களே எடை போடுங்கள். அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

சரி, முப்பத்தெட்டு ஆண்டு வாயை மூடியிருந்தவள் இன்று ஏன் திறந்தாள்?

இதோ, எனக்கு வலப்பக்கம், பட்டுத்துணி போர்த்தி நிற்கிறதே, அந்தக் கல்வெட்டுதான் காரணம். போன மாதம் செயலாளர் வீட்டுக்கு வந்து, கல்லில் பொறிக்கும் வாசகத்தைக் காட்டி, சரிபார்க்கச் சொன்னார். "நடந்து களைத்தோர் அமர்ந்து இளைப்பாற, தொலைநோக்கோடு இவ்விடத்தை உள்வாங்கி அமைத்த அந்நாளைய நகரமைப்பாளர்களின் நினைவாக." நல்ல தமிழ். அவர் மேல் தவறில்லை. இந்த உள்வாங்கலுக்குத் தெருவில் மூன்று கதை உலவுகிறது. பந்தயக் குதிரை வண்டி திரும்ப விட்ட இடம் என்பது ஒன்று. பணக்காரர் ஒருவர் தானம் கொடுத்த இடம் என்பது ஒன்று. தொலைநோக்கு மூன்றாவது. தாளில் இருந்தவரை பொய், பொய்யாகத்தான் இருந்தது. கல்லில் ஏறினால் அது வரலாறு ஆகிவிடும். சரியாத்தான் இருக்கா என்று இன்னொரு முறை என்னிடம் வந்து கேட்கிறார்கள்! அன்று தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தூங்கினேன். காலையில் எழுந்து, செயலாளரிடம் எதுவும் சொல்லாமல், டைப்பக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்காவுக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு இன்னும் மனு அடித்துக் கொடுக்கிறார். நான் உட்கார்ந்து, பழைய படம், ஐந்தாவது கல், மேல்தட்டு, விசாரணை, கைக்கடிகாரம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மெஷினில் பாதி அடித்த தாள் இருந்தது. அக்கா அதை மெல்லச் சுழற்றி வெளியே எடுத்துவைத்தார்.

"அவர் சாகற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை அந்த இடத்தை அளந்துட்டு வருவாரு, தெரியுமா உனக்கு?" என்றார். "ஒவ்வொரு தடவையும், 'எங்கயோ தப்புப் பண்றேன் போல'ன்னுதான் சொல்லுவாரு."

மன்னிப்பு என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்கிட்ட தனியா வந்து சொல்லாத. அன்னைக்கு நாலு பேர் முன்னாடிதானே சொன்ன. இதையும் நாலு பேர் முன்னாடி சொல்லு."

சபையோரே! அதற்குத்தான் இந்த மேடையில் ஏறினேன். பெருமை பேச அழைத்தீர்கள், பேசாமல் விட்டதைப் பேச வந்தேன். அன்று அந்த நீண்ட மேசையின் முன் கேட்ட கேள்விக்கு இன்று விடை சொல்கிறேன், பின்வரிசை வரை கேட்கச் சொல்கிறேன். பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். புதிய படம் தவறு. தவறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சரி என்றேன். சங்கிலிக்காரர் தன் தலையில் போட்டுக்கொண்ட பழி அவருடையது அல்ல, என்னுடையது. நாற்பத்து மூன்றாம் எண் கடைக்காரர் ஆக்கிரமிப்பாளர் அல்ல. நாற்பத்தைந்தாம் எண் கடைக்காரர் ஆக்கிரமிப்பாளர் அல்ல. அடுத்தவர் நிலத்தில் அவர்கள் அரையடி வைக்கவில்லை. அவர்கள் நிலத்தில்தான் இத்தனை ஆண்டாக நாம் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறோம்.

கடிகாரக்காரரே, நீங்கள் எங்கேயும் தப்புப் பண்ணவில்லை. எஃகு அளவுகோலை வைத்து ஒன்பது முறை நீங்கள் அளந்தது சரி. எட்டடி. ஒரு நூல் கூடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எட்டடி!

கைதட்டுகிறீர்கள். எனக்கென்றால் வேண்டாம். அவருக்கென்றால் தட்டுங்கள்.

தலைவர் அவர்களே, ஒரு விண்ணப்பம். அந்தத் துணியை இன்று விலக்க வேண்டாம்.

யாரோ கேட்கிறார்கள். "கல்லுல வெட்டியாச்சேம்மா, இப்போ என்ன பண்றது?" நியாயமான கேள்வி. கல்லைத் திருப்பி நடுங்கள் ஐயா. பின்பக்கத்தில் இன்னும் யாரும் எதுவும் எழுதவில்லை.

தலைவர் எழுந்து நிற்கிறார். செயலாளரைப் பார்க்கிறார். செயலாளர் என்னைப் பார்க்கிறார், கொஞ்சம் கோபமாகத்தான் பார்க்கிறார், பார்க்கட்டும். தலைவர் துணியின் முனையைக் கையில் எடுத்து... கல்லின் அடியில் செருகி வைக்கிறார். "அப்படியே இருக்கட்டும்" என்கிறார். நன்றி ஐயா. கடை அடைத்துவிட்டு வந்து அமர்ந்ததற்கும் நன்றி, இதற்கும் நன்றி.

பின்பக்கத்தில் என்ன எழுதுவது? நான் நான்கு வரி எழுதி, நேற்று அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தன் மெஷினில் அடித்துக் கொடுத்தார். அடிக்கும்போது நான்காவது வரியை விட்டுவிட்டார். எங்களை மன்னியுங்கள் என்று நான் எழுதியிருந்த வரி. ஏன் அக்கா என்று கேட்டேன். "கல்லுல மன்னிப்பு எதுக்கு? அளவை மட்டும் எழுது" என்றார்.

மிச்சம் இருக்கும் மூன்று வரியைப் படித்துவிட்டு இறங்குகிறேன். முன்வரிசை மூத்தோருக்கும், பை கனக்க நின்ற தாய்மார்களுக்கும், மணி பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்ட பின்வரிசைப் பிள்ளைகளுக்கும், காது கொடுத்த அனைவருக்கும் நன்றி.

"இங்கே 43, 45 எண்ணுள்ள கடைகள் இருந்தன.
இடம்பெயர்ந்த கல்லிலிருந்து அளந்ததால் எட்டடி தவறாக இடிக்கப்பட்டன.
கடிகாரக்காரரின் அளவே சரியானது."

வணக்கம்.